ஆலுவானின் மத்தியானச் சாப்பாடு

ஆலுவானை எல்லோரும் நல்லவள் என்கிறார்கள். நேற்று அவள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று மூக்கைச் சிந்திய அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வருகிற கோபத்துக்கு, அவள் உயிரோடு இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். செத்துப்போய்த் தப்பித்துக்கொண்டாள்.

என் பெயர் போங்ச்சி. ‘சும்மா வளர்த்துவை’ என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பா வைத்தது. நான்ஃபாங்காவ் துறைமுகத்தில் கானாங்கெளுத்தி சுத்தம் செய்கிற கொட்டகையில் நானும் ஆலுவானும் பக்கத்துப் பக்கத்து முக்காலி. அவள் கையில் ஒரு பொருள் தங்காது. புது ரப்பர் கையுறை வாங்கினால் மத்தியானத்துக்குள் அது வேறு யார் கையிலாவது இருக்கும். இவள் ஐஸ் தண்ணீரில் வெறுங்கையை விட்டுக் குடல் உருவிக்கொண்டிருப்பாள். புயலில் படகு உடைந்த இந்தோனேசியப் பையன்கள் ஆறு பேரை மூன்று வாரம் தன் வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்துச் சோறு போட்டாள். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, என் மருமகள் எட்டிக்கூடப் பார்க்காத நாட்களில், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து என் தலையை அலசிவிட்டுப் போனாள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் தன்னுடையதை மட்டுமா கொடுத்தாள்? மகள் பெய்ஷான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய ஒரே குளிர்கோட்டை எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெய்ஷான் அம்மாவின் கொட்டகைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மீன் கவிச்சி தாங்காமல் பக்கத்துப் பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். தெரு என்ன சொன்னது? ஆலுவானுக்கு என்ன மனசு, என்ன மனசு என்றது. நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். கோட்டு இல்லாத பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகன் தைபேய்க்கு ஓடித் தப்பித்துக்கொண்டான். பெய்ஷான் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் ஐஸ் ஃபாக்டரி வேலையோடு அம்மாவுடனே இருந்தாள். போன இலையுதிர்காலத்தில் ஆலுவானுக்கு வயிற்றில் வியாதி கண்டது. பெய்ஷான் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மத்தியானம் நான் துணைக்குப் போய் உட்காருவேன். கிளம்பும்போது தினமும் சுடச்சுட ஒரு டப்பாவை என் கையில் திணிப்பாள் ஆலுவான். உனக்கென்று என் கையால் செய்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்பாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டால், ஆயிற்று ஆயிற்று என்பாள். மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, வியாதி வந்த பிறகுதான் உன் கைப்பக்குவமே கூடியிருக்கிறது என்று நான் வாயாரப் புகழ்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அவள் தேய்ந்துகொண்டே போனாள். எனக்கு வயிறு எரிந்தது. நோயாளி எனக்குச் சமைத்துக் கொடுக்கிறாள், தடிமாடு மாதிரி மகள் இருந்து அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி கிடையாது என்று காய்கறிக்காரியிடம் சொன்னேன். கடல் தெய்வம் மாட்ஸு கோயிலில் பூக்கட்டுகிற பெண்களிடம் சொன்னேன். போதாதென்று ஹுவாலியனில் இருக்கிற ஆலுவானின் தம்பி தியான்வாங்குக்குப் போன் போட்டு, உன் அக்கா எலும்பாகப் போய்விட்டாள், மகள் சோறு போடுகிறாளா என்று ஒருநடை வந்து பார் என்றேன். அவன் வரவில்லை. பெட்டியை மூடுகிற அன்றுதான் வந்தான்.

அம்மா செத்தால் தாய்மாமன் வர வேண்டும். அவன் செத்தவள் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, திருப்திப்பட்டு, முதல் ஆணியை அடித்தால்தான் பெட்டி மூடும். அவன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அப்படி ஆணி மறுக்கப்பட்ட பிள்ளைகள் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது எங்கே? தைபேயில் இருப்பவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பெய்ஷான் இதே தெருவில்தான் சாகிறவரை இருந்தாக வேண்டும்.

பூசாரி குறித்த நேரம் பதினொன்று. ஆலுவான் செத்த நாளுக்கு ஆகாத வருஷம் புலி வருஷம், புலி வருஷத்தில் பிறந்தவர்கள் பெட்டி மூடும்போது பார்க்கக்கூடாது என்று முன்கூட்டியே எங்களைத் திருப்பி நிறுத்திவிட்டார். நானும் இன்னும் இரண்டு கிழவர்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதனால் நடந்ததை முதலில் நான் காதால்தான் கேட்டேன்.

தியான்வாங் பத்து மணிக்கு வந்தான். மகனும் மகளும் வாசலில் மண்டியிட்டு அழைத்துவந்தார்கள். உள்ளே அக்காவிடம் போனான். பெய்ஷான் நீட்டிய தட்டில் ஆணியடிக்க, சிவப்புத் துணி சுற்றிய சின்னக் கோடாலி இருந்ததாம். அதை அவன் தொடவில்லையாம்.

“எங்கக்காவப் பட்டினி போட்டா கொன்ன?” என்றான். “ஊரே சொல்லுது.”

அந்த ஊர் என் வாய்தான். சுவரைப் பார்த்தபடி அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“சமைச்சு வச்சேன் மாமா. தெனமும்” என்றாள் பெய்ஷான்.

என்ன சமைத்தாய், சொல் என்றான். அவள் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள். பால்மீன் வயிற்றுத் துண்டை முள்ளெடுத்து இஞ்சி போட்டு ஆவியில் வைத்தது. பூசணிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்ட அரிசிச் சேமியா. நல்லெண்ணெய்க் கோழி, அம்மா வயிற்றுக்கு ஆகாது என்று ஒயின் ஊற்றாமல். சிப்பிக் கஞ்சி. காலை நாலரைக்கு எழுந்து செய்து சூடு ஆறாத பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும் என்றாள்.

அந்தக் கோழியை நான் தின்றிருக்கிறேன். ஒயின் எங்கேடி என்று ஆலுவானைக் கேட்டும் இருக்கிறேன். தீர்ந்துபோச்சு என்றாள். அந்தப் பால்மீனில் ஒரு முள் இல்லை. என் பல் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்காகப் பூசணிக்காயை அவ்வளவு பொடியாக நறுக்கியிருக்கிறது என்று ஆறு மாதத்தில் ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் சாப்பிட்டவள் இப்படியா கிடப்பாள், பொய்க்காரி என்றான் தியான்வாங். பெட்டி திறந்தே கிடக்கட்டும், துறைமுகமே வந்து பார்க்கட்டும், நான் ஹுவாலியனுக்குப் போகிறேன் என்றான். பூசாரி மணியைச் சொன்னார். பத்து நாற்பது. மாமனை எதிர்த்துப் பேச பெய்ஷானுக்கு வழியில்லை. தைபேய்க்காரன் வாயே திறக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்து நின்றுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, மறைப்பானேன். நான் பேசினால் என் மானம் போகும், செத்தவள் பெயரும் கெடும். பேசாவிட்டால் போவது பெய்ஷான் ஒருத்திதான். அவள் சின்ன வயதிலிருந்து அதற்குத்தானே பழகியிருக்கிறாள். இப்படி நினைத்ததுமே திரும்பிவிட்டேன். புலி திரும்பக்கூடாது என்று பூசாரி கத்தினார்.

“அத்தனையும் நான் தின்னேன், தம்பி” என்றேன். “ஆறு மாசமா, தெனம் மத்தியானம். தன் கையால செஞ்சதுன்னு உங்கக்கா எனக்குத் தூக்கிக் குடுத்தா. இந்தப் பொண்ணு செஞ்சதுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. ஒனக்குப் போன் போட்டு இவளப் பத்தி வத்தி வச்சதும் நான்தான்.”

அவன் என்னைத் திட்ட வாயெடுத்தான். நான் விடவில்லை.

“கூப்ட்டப்ப வரல. இப்பவாச்சும் கோடாலிய எடு.”

எடுத்தான். நாலு மூலை ஆணியையும் தட்டினான். நான் திரும்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். வருகிற கேடு வரட்டும்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெண்கள் பேசினார்கள். தன் வாய்ச் சோற்றையும் எடுத்துக் கொடுத்த மகராசி என்றார்கள். எனக்கு அங்கேயே நாலு பேரை அறைய வேண்டும் போலிருந்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். கொட்டியிருக்கலாம். அதெல்லாம் ஆலுவானுக்கு முடியாது. அவள் கொடுக்கிறவளாக இருந்தாக வேண்டும், கடைசி மூச்சு வரை. அதற்கு யார் நாலரைக்கு எழுந்தால் என்ன, யார் பெயர் நாறினால் என்ன? அப்படியும் மத்தியானமானால் எனக்கு அவளைத்தான் தேடுகிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பெய்ஷான் என் பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன்.

“சித்தி, அம்மா ஒருநாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல” என்றாள். “எப்படி இருந்துச்சு?”

ஆறு மாதம் நான் வாரி இறைத்த பாராட்டு அத்தனையையும் கண்ணை மூடிச் சிரித்து வாங்கிக்கொண்ட ஆலுவான், அதில் ஒரு சொல்லைக்கூட இவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் அதை மட்டும் தானே வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருந்துச்சும்மா” என்றேன்.

எது என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஈரக் கையைத் துடைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தும்போதெல்லாம், அப்புறம் என்றாள்.