துணி வைக்காத பட்டறை

எண்ணெய் ஊற்றும் வாயில் ரப்பர் கையுறையை மாட்டி, சைக்கிள் டியூபில் அறுத்தெடுத்த பட்டையால் இறுகக் கட்டிவிட்டு, டிரைவரைப் பார்த்துத் தலையசைக்கிறார் ஓஸ்வால்ட். இஞ்சின் உறுமியதும், தொய்ந்து கிடந்த ரப்பர் கைக்கு மெல்ல உயிர் வருகிறது. முதலில் கட்டைவிரல் எழும். அப்புறம் மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற காற்று, எண்ணெய் கிடக்கும் அடிவயிற்றில் சேர்ந்து எவ்வளவு முட்டுகிறது என்பதை அந்தக் கை காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து விரலும் விறைத்து நின்றால், "கையத் தூக்கிட்டான்" என்பார். இஞ்சினைப் பிரித்தாக வேண்டும். அரைகுறையாக எழுந்து ஆடிக்கொண்டிருந்தால், "சலாம் வெக்கிறான், எத்துனு போ" என்பார். வண்டி இன்னும் ஓடும்.

கையுறைகளுக்குப் பஞ்சமில்லை. மனைவி டோரீன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிழிந்துபோய் டாக்டர்கள் கழித்துப் போடுபவற்றை வேக வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ஓஸ்வால்ட் அவற்றுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொள்வார். சமையற்கட்டுப் பக்கம் மட்டும் அவை வரக் கூடாது என்பது டோரீனின் உத்தரவு.

பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஜோகுபாளையத்துக்குள் திரும்பும் சந்தில் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. ஸ்பானர், ஜாக்கி, உடைந்த ஸ்பிரிங் பட்டை எல்லாம் உண்டு. எந்த மெக்கானிக் பட்டறையிலும் மலிந்து கிடக்கும் ஒரு பொருள் மட்டும் இல்லை: கை துடைக்கும் துணி. யுத்தக் காலத்தில் மிலிடரி வொர்க்ஷாப்பில் அவர் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்தவன் ஒரு துணியை இஞ்சினுக்குள் மறந்து வைத்து மூடிவிட்டான். பாதி வழியில் லாரி நின்றது. அவன் வேலையும் போயிற்று. அன்றைக்குத் துணியை விட்டவர்தான். கையில் கிரீஸோடு நாள் முழுக்க இருப்பார். சாயங்காலம் மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். ஒருமுறை கான்வென்ட்டிலிருந்து சிஸ்டர் பிரிஜெட், கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒரு மூட்டையாகக் கட்டி, "கை துடைக்க ஆகும்" என்று அனுப்பிவைத்தார். மறுநாளே மடிப்புக் கலையாமல் அது திரும்பிப் போய்விட்டது. சிஸ்டர் அதை அவ்வப்போது சொல்லிக் காட்டுவார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. இஞ்சின் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். சொந்த மைத்துனன் வண்டியை விற்கப் போனபோது, வாங்க வந்தவன் கேட்டான் என்று "பிஸ்டன் ரிங் தேஞ்சி போச்சி" என்று சொல்லிவிட்டார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு மைத்துனன் இவர் வீட்டுப் படியேறவில்லை. அதற்காக ஓஸ்வால்ட் வருத்தப்பட்டார், சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

போன மாதம் வந்தது கான்வென்ட் வேன். யுத்தத்துக்கு முந்திய வண்டி. அதை ஓட்டுகிற முனியப்பனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அந்த வேனை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது. அல்சூர் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. எண்ணெய் அளக்கும் கம்பி தானாக எகிறி வெளியே விழுந்தது. இஞ்சின் முடிந்தது என்றால் வேனை விற்றுவிட்டுப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, அதைத் தம் காதாலேயே கேட்டுக்கொள்ள சிஸ்டரும் வந்திருந்தார். கண்டிப்பானவர். வண்டி கெட்டுப்போனால் பொறுத்துக்கொள்வார், அதை மறைத்தால் பொறுக்க மாட்டார். முந்திய டிரைவரை அனுப்பியது அப்படித்தான்.

கையுறையைக் கட்டினார் ஓஸ்வால்ட். ஐந்து விரலும் நொடியில் விறைத்து நின்றன. முனியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சிஸ்டர் பெருமூச்சு விட்டுக் கொட்டகை வாசலில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். ஆனால் ஓஸ்வால்ட் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. பின்னால் போய்ப் புகைக் குழாயைப் பார்த்தார். எண்ணெய் எரிந்தால் வரும் நீலப்புகை இல்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு, முன்பக்கம் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். ஒவ்வொரு சிலிண்டரும் சமமாகத் திமிறியது. ரிங் தேய்ந்த இஞ்சின் அப்படித் திமிறாது. மறுபடி ஓடவிட்டு, கீழே படுத்து, இஞ்சின் மூச்சு விடும் குழாயின் முனையில் உள்ளங்கையை வைத்தார். காற்றே வரவில்லை. இஞ்சினை அணைக்கச் சொல்லி, கொக்கி போட்ட கம்பியை உள்ளே விட்டு இழுத்தார்.

வந்தது துணி. காக்கித் துணி, ஓரத்தில் நீல நூல் தையல். அந்த நீலத் தையல் கான்வென்ட் டிரைவருக்குக் கொடுக்கும் யூனிஃபார்முக்கு மட்டும்தான் உண்டு.

முனியப்பன் வேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தாலே போதும். ஆனாலும் ஓஸ்வால்ட் தாழ்ந்த குரலில், உன்னுதா என்று கேட்டார்.

"பழைய பேண்ட்டு, மேஸ்திரி. இஞ்சின் பொகை கால்பலகை சந்துல உள்ள வந்து புள்ளைங்க வாந்தி எடுத்துச்சி. இன்னொரு வாட்டி ஆச்சின்னா வண்டிய வித்துடுவேன்னாங்க சிஸ்டர். அதான் கொழாய அடைச்சேன். பொகை நின்னு போச்சி. அப்புறம் இப்டி ஆவும்னு தெரியாது."

"மூச்ச அடைச்சா அது எங்கயாவது கிழிச்சினுதான் வரும், முனியப்பா. கசிவு தடுக்கற சீலு ஒண்ணு விடாம எண்ணெயத் தள்ளிட்டுது பாரு."

முனியப்பனின் கண் முழுக்க வாசலில் இருந்த ஸ்டூல் மேலேயே இருந்தது.

ஓஸ்வால்ட் துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, அவனை ஏறி இஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, கையுறையை மறுபடி பார்த்தார். இந்த முறை கட்டைவிரல் மட்டும் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் ஆடுவதுபோல ஆடியது. வயதான இஞ்சின்தான், இன்னும் சில வருஷம் தாங்கும். மூச்சுக்குழாயோடு இன்னொரு துண்டுக் குழாயைச் சேர்த்து, புகை பின்பக்கமாகப் போகும்படி கட்டினார். முதலிலேயே வந்து கேட்டிருந்தால் அவ்வளவுதான் வேலை. அதை நினைக்க அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இஞ்சின் ஓயாமல் ஓடும் சத்தம் கேட்டு சிஸ்டர் எழுந்து உள்ளே வந்தார்.

"என்ன ஓஸ்வால்ட், கையத் தூக்கிட்டானா?"

"இல்ல சிஸ்டர். சலாம் வெக்கிறான். மூச்சுக்கொழாதான் அடைச்சினு இருந்தது. சீல் மட்டும் அப்புறமா மாத்தினா போதும்."

"எது அடைச்சிருந்தது?"

முனியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் ஒன்று சொல்லிவிடலாம். அதற்கு ஓஸ்வால்ட்டின் நாக்கு வளையவில்லை. சுருட்டி வைத்திருந்ததை அவர் விரித்தார். விரித்து, கிரீஸ் படிந்த கைகளைத் துடைக்க ஆரம்பித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக, நகக்கண் விடாமல், உள்ளங்கையின் ரேகை விடாமல், நீலத் தையல் இருந்த ஓரத்தை உள்பக்கம் வைத்து அழுத்தித் துடைத்தார்.

படுக்கை விரிப்பு மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்ட சிஸ்டர் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு ஓஸ்வால்ட்டின் முகத்தைப் பார்த்தார்.

"முனியப்பா, வண்டிய எடு. ஸ்கூல்ல மணி அடிச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வேன் சந்திலிருந்து வெளியேறி மெட்ராஸ் ரோட்டில் திரும்பும் வரைக்கும் ஓஸ்வால்ட் துடைத்துக்கொண்டே நின்றார். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.