வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு என் மகளின் ஈக்களைக் கொன்றேன். கொன்றதோடு நிற்கவில்லை... மறைத்தேன்.

சிரிக்காதீர்கள்! பாலிகஞ்ச் ஆய்வுக்கூடத்தில் வசந்தி ஈராண்டு பாடுபட்டு வளர்த்த பழ ஈக்கள் அவை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்பு; கால்களோ குட்டை. ஒரே மரபணு பழுதானதால் இரண்டும் கெட்டன என்று அவள் நம்பினாள்.

"கண்ணுக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது தெரிஞ்சா டாக்டர் பட்டமே குடுத்துடுவாங்கப்பா!"

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் பந்த், ஆய்வுக்கூடம் திறக்காது. பழைய புட்டிகளைக் கழுவிவிட்டு, அந்த ஈக்கள் இருந்த ஒரே புட்டியை லேக் கார்டன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"எறும்பு ஏறாம பாத்துக்குங்க. கொசுவர்த்தி வேண்டாம், புகை ஆகாது" என்று சொல்லிவிட்டு, மின்வெட்டுக்கு மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பினாள்.

எறும்பு ஏறாத இடம் பூஜை அலமாரிதான். அங்கே வைத்தேன். கொசுவர்த்தியைத் தொடவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அல்லவா... மனைவி மறைந்த பிறகு அவள் வழக்கத்தை ஒரு வாரமும் நான் விட்டதில்லை. கனன்ற கரியில் சாம்பிராணி தூவி, தூபக்காலை அலமாரிக்குள் வைத்தேன். சாமிக்குப் போடுவதும் புகைதான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நினைவு வந்து எடுத்தபோது புட்டி கையைச் சுட்டது. ஈக்கள் அடியில் குவிந்து கிடந்தன. அவற்றின் புழுக்களும் அசையவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம்... படித்தவன்; கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவன். என்ன செய்தேன் தெரியுமா? செத்தவற்றைத் தட்டிக் கொட்டினேன். சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தை மொய்த்த ஈக்களைப் புட்டிக்குள் பிடித்துப் பஞ்சால் அடைத்தேன்! என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளும் கூர்ந்து பார்க்கவில்லை.

பந்த் முடிந்ததும் புட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆராய்ச்சியை விட்டுவிட்டாள், பள்ளியில் பாடம் நடத்துகிறாள். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன்... அன்று அவள் சொன்னது தடுக்கிறது.

புட்டியை எடுத்துப் போன அன்று மதியமே திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாத்துக்கும் சிவப்புக் கண்ணு, முழுக் காலு. அவசரத்துல தப்பான புட்டியை எடுத்து வந்துட்டேன்ப்பா. சரியானதை என் கையாலயே கழுவிக் கொட்டியிருக்கேன்... பாவம், நீங்க சாமிகிட்ட வச்சுப் பாத்துக்கிட்டீங்க!"