பதினான்காவது படி

ஓரம் அண்ணனின் மனைவி இறந்த அன்று நான் பதினான்காவது படியில் நின்றுகொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் இந்தக் கதைக்குள் நல்லவன் மாதிரி நுழைந்து உட்கார்ந்துகொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. கால்பந்து மைதானத்தின் வடக்கு ஸ்டாண்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. "ஓரம், ஓரம், ஓரமா நில்லுங்க" என்று கத்துவதே வேலை என்பதால் ஓரம் அண்ணன் ஆகிவிட்டார். வார நாட்களில் ஒரு அச்சகத்தில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவார். மேட்ச் நாட்களில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, எங்கள் இருக்கைகளுக்கு நடுவே ஏறும் படிவழியின் அடியில் நிற்பார். ஆட்டத்துக்கு முதுகு, எங்களுக்கு முகம். காவலுக்கு நிற்பவர் ஆட்களைத்தான் பார்க்க வேண்டும், ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. பத்தொன்பது வருடம் அப்படி நின்ற மனிதர் ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து படிவழிக்கு வந்துவிடுவோம். வெளியே போகவும் மாட்டோம், திரும்பப் போய் உட்காரவும் மாட்டோம். கடைசி நிமிடமும் வேண்டும், விசில் ஊதியதும் முதல் ஆளாக ஓடி பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் பிடிக்க வேண்டும். படிக்கு மூன்று பேராக அடைத்துக்கொண்டு நிற்போம். ஆளுக்கொரு நிரந்தரப் படிகூட உண்டு. கீழிருந்து எண்ணினால் என்னுடையது பதினான்கு.

"யாருக்காவது ஏதாவது ஆனா எப்படிப்பா மேல போறது? உக்காருங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுவார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதுண்ணே. நீங்க கத்தாதீங்க, தொண்டை கட்டிக்கும்" என்போம். ஒவ்வொரு மேட்சிலும் இதே பேச்சு, இதே சிரிப்பு.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைப்பவர். மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அதில் ஒன்று தையல் மெஷினுக்கு. சாயங்காலம் அண்ணன் வீடு திரும்பியதும், மெஷினை நிறுத்தாமலே "இன்னைக்கு மேட்ச் எப்படி?" என்று கேட்பாராம். இவர் எங்கள் முகங்களை வைத்துக் கதை சொல்வாராம். பதினாலாம் படிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான், அப்படியானால் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. வாயைப் பிளந்தான், அப்படியானால் பெனால்ட்டி.

ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒரு இலவச டிக்கெட் உண்டு. எப்போதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் அந்த டிக்கெட்டை இந்த வருடம் அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்தோராம் வரிசை. படியேறி வந்தவர், அண்ணன் கீழிருந்து கைகாட்ட, என் இருக்கையருகே மூச்சு வாங்க நின்றார்.

"நீங்கதானே பதினாலாம் படி?"

நான் அசடு வழிந்தேன்.

"உங்க மூஞ்சியை வச்சுத்தான் இத்தனை வருஷமா எனக்கு மேட்ச் ஓடுது. இன்னைக்கு நேர்லயே பார்த்துடறேன்." பிறகு கீழே நின்ற கணவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இங்க பாருங்க, நல்ல கட்டமா வந்தா நான் கை தூக்குவேன். ஒரே ஒரு தடவை நீங்களும் திரும்பிப் பார்த்துடணும். வேலை ஒண்ணும் போயிடாது!"

"பார்க்கலாம், பார்க்கலாம். நீ முதல்ல மெதுவா ஏறு" என்றார் அண்ணன். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து நாங்கள் விசிலடித்தோம்.

எண்பதாவது நிமிடம். எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. வழக்கம்போல எழுந்து வந்து படிவழியை அடைத்தோம். அண்ணன் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினார். "அண்ணி பார்க்கிறாங்கன்னு சவுண்டு ஜாஸ்தியா இருக்கே" என்று யாரோ கிண்டலடித்தார்கள். நாங்கள் மறைத்ததில் முப்பத்தோராம் வரிசை அவருக்குத் தெரியவில்லை. எங்கள் தலைகளுக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்ததாம், அவர் வாங்கிக்கொடுத்த வாட்ச் கட்டிய கை. இது பின்னால் அவர் சொன்னது. நான் கண்டது அவர் சிரித்ததையும், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியதையும்தான்.

அடுத்த அரை நிமிடத்தில் கோல் விழுந்தது. ஸ்டாண்டே எழும்பிக் குதித்தது. அண்ணனும் குதித்தார். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு மனைவியிடம் காட்டத் திரும்பினார். மேலே அந்தக் கை இல்லை.

சாய்ந்துவிட்ட அந்த அம்மாவின் பக்கத்து இருக்கைப் பெண் அலறிக்கொண்டிருந்திருக்கிறாள். கோல் சத்தத்தில் யார் காதில் விழும்? "ஓரம்! ஓரம்!" என்று கத்தியபடி அண்ணன் படியேறினார். அதை யார் மதித்தோம்? சந்தோஷத்தில் வருகிறார் என்று ஆளாளுக்கு அவரைக் கட்டிப்பிடித்தார்கள். என் படிக்கு வந்தபோது நானும் பிடித்து உலுக்கினேன். "கோலைப் பார்த்தீங்களாண்ணே, பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போன வேகத்தில்தான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது.

ஸ்ட்ரெச்சர் மேலே போய்ச் சேர ஏழு நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் கொஞ்சத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்று எனக்கு ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

மறுநாள் படிவழிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். குறுகலான மாடிப்படி. அங்கேயும் படிக்கு மூன்று பேராக நின்றோம், அதுதானே எங்களுக்குத் தெரியும். உடலைக் கீழே இறக்கும்போது மேலிருந்து அவர் குரல் வந்தது, கத்தல் இல்லை, சாதாரணமாக: "ஓரமா நில்லுங்கப்பா." ஒரே சொல்லில் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தனியாகப் போனேன். மெஷினில் ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி இருந்தது. ஊசியைக்கூட அண்ணன் தூக்கிவிடவில்லை. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவ எதுக்குக் கை தூக்கினா? என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாளா, இல்ல கூப்பிட்டாளா? ராத்திரி பகலா அதேதான் ஓடுது. அந்த நேரத்துல நீ மேல பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "பார்த்தேண்ணே. மேட்சைப் பார்க்கச் சொல்லித்தான் தூக்கினாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார், படியடியில் நின்று பார்ப்பாரே அதே பார்வை.

"நீ எங்கப்பா மேல பார்ப்ப? பத்தொன்பது வருஷமா உன் மூஞ்சியைத்தானே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். ஒரு நாள்கூட நீ பின்னாடி திரும்பினதில்ல."

எழுந்து செருப்பை மாட்டினேன். அவர் வாசல்வரை வந்து விளக்கைப் போட்டார்.

"கீழ ரெண்டு படி நடுவுல உடைஞ்சிருக்கு. ஓரமா எறங்கு."