அந்த ஞாயிறு போனுக்கு என் முறை

புகை மணக்கும் சோறு... முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது, இன்னும் அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை. ஈர விறகு, அடிப்பிடித்த பருக்கை, பக்கத்தில் குளத்துப் பாசி வாடை.

எண்பதுகளின் கடைசி. லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு மேல்மாடி பிளட்டில் நாங்கள் நாலு பேர். யோகன் அண்ணை, அன்ரன், குமார், நான். மூத்தவர் யோகன் அண்ணை. பெற்றோல் ஷெட்டில் வேலை. அவருடைய தம்பி கண்ணன் லண்டன் வருவதற்காக, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு பாங்கொக்கில் நின்றான்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போனடியில் எந்நேரமும் ஒரு ஆள் நிற்க வேண்டும். வழியில் நிற்கும் பிள்ளைகளை ஏஜென்சிக்காரன் எப்போது போன் எடுக்க விடுவான் என்று யாருக்கும் தெரியாது. லண்டனில் பொறுப்பெடுக்க ஆள் இருக்கிறது என்று காதால் கேட்டால்தான் பிளேன் ஏற்றுவான். கேட்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் ஏறிவிடுவான். அதனால் ஃபிரிட்ஜ் கதவில் முறை எழுதிய தாள் ஒன்று. வேலை ஷிப்ட் தவறினாலும் போன் ஷிப்ட் தவறக்கூடாது.

ஓகஸ்ட் பாங்க் ஹொலிடே வந்தது, திங்களும் சேர்த்து மூன்று நாள் லீவு. அன்ரன் மன்னார்க்காரன், மரக்கறிக் கடை வான் ஓட்டுபவன். வேல்சில் ஒரு காட்டுக்குள் குளம் இருக்கிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காசில்லை, கேக்க ஆளில்லை. ரெண்டு நாள் கூடாரம் அடிச்சுப் படுத்திட்டு வருவம்" என்றான். கக்கூசும் இல்லை, பைப்பும் இல்லை என்பதைப் போய் இறங்கிய பிறகுதான் சொன்னான்!

யோகன் அண்ணை மறுத்துவிட்டார். "தம்பி எடுத்தாலும் எடுப்பான். நான் நிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ."

மூன்று மாதமாக அந்த மனிசன் வேலையும் போனடியுமாகக் கிடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "குமார் நிக்கிறான் அண்ணை, வாங்கோ" என்று அரித்தெடுத்துக் கூட்டிப் போனது நான்தான்.

தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே என் பெயர் இருந்தது. குமாரோடு மாற்றியிருந்தேன். வெள்ளி பின்னேரம் குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான், ஞாயிறு என்னை வேலைக்குக் கூப்பிடுறாங்கள். மத்தியானத்துக்குப் பிறகு நிக்க ஏலாது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணை நிற்பார், இல்லாவிட்டால் நான் நிற்க வேண்டும். வந்து இரண்டு வருடமாக லண்டனை விட்டு வெளியே கால் வைக்காதவன் நான். குளம் பார்க்க ஆசை. அரை நாள்தானே, என்ன குடி முழுகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போய் இறங்கினால் மழை. இரவல் கூடாரம் இரண்டு பக்கமும் ஒழுகியது. அன்ரன் லண்டனிலிருந்து பத்திரமாகத் தூக்கி வந்திருந்தது ரைஸ் குக்கரை... காட்டுக்குள் பிளக் எங்கே?

"அந்த மரத்தில சொருகிப் பார்" என்றார் யோகன் அண்ணை. சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

குக்கரின் உள்பாத்திரத்தை மட்டும் எடுத்து மூன்று கல்லின் மேல் வைத்தோம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. டின்மீனும் போத்தலில் கொண்டு போன சம்பலும். அதுதான் அந்தப் புகைச் சோறு.

ஞாயிறு பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். விறைக்கிற தண்ணீர். நடுக்குளம் வரை நீந்திப் போய், திரும்பி நின்று கத்தினார்.

"டேய், கண்ணன் வந்தோடன இஞ்ச கூட்டிக்கொண்டு வரவேணும்! அவன் என்னைவிட நல்லா நீந்துவான்!"

கரையில் நின்று கையசைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். குமார் வேலைக்குப் போயிருப்பான்.

திங்கள் பொழுதுபட முன்னமே வீடு வந்துவிட்டோம். அவர்கள் இருவரும் வானிலிருந்து சாமான் இறக்க, கதவு திறக்க நான் முன்னே போனேன். வாசலில் கீழ்வீட்டு ஐரிஷ் கிழவி. நேற்றுப் பின்னேரம் முழுக்க உங்கள் போன் விடாமல் அடித்தது, என்னைக் கண்மூட விடவில்லை என்று ஏசினாள். சொறி என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியேறினேன்.

பின்னால் ஓடி வந்த அண்ணை கேட்ட முதல் கேள்வி: "போன் வந்ததோ?"

வந்த கோல்களை எழுதி வைக்கும் கொப்பி போனடியில் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை அண்ணை."

பிறகு குமாரிடம் கெஞ்சினேன். அவனும் வாயைத் திறக்கவில்லை.

கண்ணன் அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து கடிதம் வந்தது. பாங்கொக்கில் பிடித்துக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கொழும்பில் இறங்கியவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு கண்டவர்கள் இல்லை.

அன்றைக்கு அடித்தது கண்ணன்தானா? தெரியாது. அந்தக் காலத்துப் போனில் நம்பரும் விழாது, நேரமும் விழாது. அடித்து ஓய்ந்தால் ஓய்ந்ததுதான். வேறு யாராகவும் இருக்கலாம் என்று இத்தனை வருடமும் என்னை நானே தேற்றிப் பார்த்தேன்... மனம் ஆறவில்லை.

போன மாதம் மகன் எங்களைக் காம்பிங் கூட்டிப் போனான். சுடுதண்ணீர் ஷவர், கரண்ட், ரைஸ் குக்கருக்கும் பிளக். சிக்னல் மட்டும் இல்லை. திரும்பி வரும் வழியில் போனுக்கு உயிர் வந்தது. யோகன் அண்ணையிடமிருந்து ஏழு மிஸ்ட் கோல். ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்று வரிசையாக.

அவர் இப்போது கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில். ஞாயிறு தவறாமல் எனக்கு எடுப்பார். திருப்பி எடுத்தேன்.

"எங்கையடா போனனி? நீ எடுக்காட்டி எனக்கு நெஞ்சு பதறும் எண்டு தெரியுந்தானே."

"அண்ணை..."

"என்னடா?"

"ஒண்டுமில்லை அண்ணை."

அன்றைக்குச் சொன்ன அதே பதில்.

அண்ணை நான் எழுதிப் போடும் இந்த இணையப் பக்கமெல்லாம் பார்க்க மாட்டார். அவருடைய மகள் பார்ப்பாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளைக் காரில் ஏற்றி இறக்கியவன் நான்தான். நன்றாக வாசிப்பாள்.

பிள்ளை, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

நான் போனடியில்தான் இருக்கிறேன்.