விரலை நீட்டியவர்

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருந்தபோது, இளம்பிள்ளைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து சேர்ந்தார். வெளிறிப்போன நெடிய மனிதர். ஊசி குத்தும் முன் ஒவ்வொரு தடவையும் தலையில் கட்டிய உருமாலை அவிழ்த்துத் திருத்திக் கட்டிக்கொள்வார்.

அவர் ரத்தத்தில் இரண்டு வெவ்வேறு வகைப் புற்றுநோய் இருப்பதாக உறுதியாக எழுதிக் கொடுத்தேன்.

அவருடைய கட்டிலருகிலேயே டாக்டர் என்மீது பாய்ந்தார். "ஒரே ஆளுக்கு ரெண்டா? வேற யார் ரத்தத்தையோ கலந்துட்டே. நாளைக்கு வேலைக்கு வராதே!"

விவசாயி விரலை நீட்டினார். "உங்க முன்னாலயே எடுக்கச் சொல்லுங்க சாமி."

எடுத்தேன். டாக்டரே மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டும் இருக்குதுய்யா."

"அப்ப இந்தத் தம்பி மேல தப்பில்லீங்களே?" என்றார் அவர்.

தமக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர் கேட்கவேயில்லை.