கேட்காமல் எழுதிய பத்திரம்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் எனக்கு ஒரு சின்ன அறை உண்டு. பத்திர எழுத்தர் வேலை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கி அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவரங்குளத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தார். அடுத்த செவ்வாய் திரும்பிப் போக விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. தங்கைக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். புதுக்கோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். வாரிசு இவர்கள் இருவர் மட்டும்தான். ஒரு வீடு, கிணற்றோடு கொஞ்சம் வயல், ரோட்டோரம் ஒரு தரிசு. தங்கை தன் பாகத்தை விட்டுக்கொடுத்து எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு ஆக்குகிற மாதிரி ஒரு விடுதலைப் பத்திரம் வேண்டும் என்றார் அண்ணன். பெண்கள் அப்படி எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கம் அன்றாடம் நடப்பது. அதனால் எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை.

"தங்கச்சிக்குக் காது கேக்காதுங்கக்கா, பேச்சும் வராது. எல்லாம் நாந்தான் பாத்துக்கிறேன். அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிருங்க," என்றார் அண்ணன்.

அதற்கும் என்னிடம் ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் எழுதி வைத்திருந்தது. 'காது கேளாத, வாய் பேச இயலாத இன்னாருக்காக அவருடைய சகோதரரும் கார்டியனுமான இன்னார் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்' என்று ஆரம்பிக்கும். பெயர்களையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றினேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் பேசியது ஒரே ஒரு தடவை. கிளம்பும்போது, நாளைக்கு மறக்காமல் ஆதார் அட்டை கொண்டுவரும்படி சத்தம் போட்டுச் சொன்னேன். காது கேட்காது என்று தெரிந்தும் ஏன் கத்தினேனோ தெரியவில்லை. அவர் சிரித்துத் தலையாட்டினார்.

மறுநாள் முகூர்த்த நாள். பதிவு அலுவலகத்தில் கூட்டம். எங்களுக்குப் பதினொன்றரை மணி டோக்கன். இரண்டு பேரும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். சாட்சிக்கு வரவேண்டியவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள் என்று போன் வர, அண்ணன் அவர்களை அழைத்துவரப் போனார். நான் பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வேறு ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் பத்திரத்தை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படிக்க ஆரம்பித்தார். சும்மா புரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாவது பக்கம் போய்விட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு என் பேனாவைக் கை நீட்டிக் கேட்டு வாங்கி, ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் தள்ளினார். குண்டு குண்டான, அழகான கையெழுத்து.

'நான் மைனரா?'

எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லை என்று எழுதினேன்.

'கார்டியன் எதற்கு?'

உங்களுக்குக் காது கேட்காதே, அதனால்தான் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் பேனாவைத் திரும்ப வாங்கினார். பிறகு எழுதினார்.

'கையெழுத்து என் கை. காது எதற்கு?'

அவர் பத்திரத்தில் இரண்டு இடத்தில் கோடு போட்டுக் காட்டினார். எழுதிக் கொடுப்பவருக்காக அண்ணன் பெயர். எழுதி வாங்குபவர் என்ற இடத்திலும் அதே பெயர். அதாவது அண்ணன் தனக்குத் தானே எழுதிக் கொடுத்துக்கொள்கிறார். நான் டைப் செய்ததுதான், ஆனால் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்தையும் திருப்பினார். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரி ஒன்று அங்கே இருந்தது: 'வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, முழு மனச் சம்மதத்தின் பேரில்.' அதில் 'வாசிக்கக் கேட்டு' என்பதற்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

'பொய்.'

பத்தொன்பது வருடத்தில் என் பத்திரத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று எழுதிக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

அவர் போனை எடுத்து வீடியோவில் ஒரு தோழியைக் கூப்பிட்டார். அந்தத் தோழி காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர், காது கேட்பவர். இவர் கையால் சொல்வதை அவர் வாயால் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் வீட்டில் சைகையில் சொன்னது, ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போடவேண்டும் என்பது மட்டும்தானாம். பட்டா பெயர் மாற்றத்துக்கு என்று நினைத்து வந்திருக்கிறார். வீடும் வயலும் அண்ணனே வைத்துக்கொள்ளட்டும், ரோட்டோரத் தரிசு மட்டும் தன் பெயரில் வேண்டும், அதில் சொந்தமாகத் தையல் கடை போடவேண்டும் என்றார். எத்தனையோ வருடமாக மனத்தில் வைத்திருந்த ஆசை என்று டீச்சர் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சாட்சிகளோடு உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. வெளி ஆட்கள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்ற கூச்சம் வேறு. யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சரிடம் கேட்டார். பிறகு தங்கையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒன்னையக் காலத்துக்கும் பாக்கமாட்டேனா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை, அந்த மனிதர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

டீச்சர் அதைக் கையால் சொல்ல, தங்கை உடனே பதில் சொன்னார். போனிலிருந்து டீச்சரின் குரல் வந்தது: "அண்ணன் என்னையப் பாத்துக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா எங்கிட்ட ஒருவாட்டியும் கேட்டதில்ல."

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மரியாதையாகவே ஒரு விஷயம் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2016-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. சொத்து விஷயத்தில் யாருக்கு லாபமோ அவரே துணையாக நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதெல்லாம் சரிங்க, ஆபீசில் கார்டியன் இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அப்படிச் சொன்னதை நிரூபிக்கத்தான் எழுந்து பத்திரத்தோடு ரோட்டைத் தாண்டிப் போய்ச் சார்பதிவாளர் அம்மாவிடம் கேட்டேன்.

அவர் பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்தார். "கார்டியன் போட்டாத்தாங்க நான் கோர்ட் ஆர்டர் கேப்பேன். அவங்களே வந்து படிச்சு, கையெழுத்துப் போட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம். யாரு ஒங்கள இப்படி எழுதச் சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. பதிவுச் சட்டத்தில் மைனரைப் பற்றி இருக்கிறது, புத்தி சுவாதீனம் இல்லாதவரைப் பற்றி இருக்கிறது. காது கேளாதவர் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று எங்குமே இல்லை. அதைப் பத்திர எழுத்தர்கள் நாங்களாகச் சேர்த்துக்கொண்டு, நானும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைய டோக்கன் போய்விட்டது. அண்ணன் என் மேல்தான் எரிந்து விழுந்தார். ஒரு பத்திரம் ஒழுங்காக எழுதத் தெரியாதா, நான் விமானம் ஏற வேண்டாமா என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். தங்கை மேஜையில் கிடந்த தாள்களை எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது என் அறையிலிருந்து தெரிந்தது.

மத்தியானம் அந்தச் சட்டத்தைத் தமிழில் தேடி எடுத்துப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி ஐ.நா.வில் ஓர் ஒப்பந்தம், அதில் நம் நாடும் கையெழுத்துப் போட்டு, அதற்குத் தகுந்தபடி நம் சட்டத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களைப் போலவே அவர்களும் சொத்து வைத்துக்கொள்ளலாம், தங்கள் வரவு செலவைத் தாங்களே பார்க்கலாம், உதவி தேவைப்பட்டால் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் முடிவு அவர்களுடையது. டீச்சர் சொன்ன விஷயமும் அப்படியே இருந்தது. இத்தனைக்கும் ஸ்டாம்ப் தீர்வை எப்போது மாறினாலும் மறுநாளே எனக்குத் தெரிந்துவிடும், இது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. விடுதலைப் பத்திரம் வேண்டாம், பாகப்பிரிவினையாகவே எழுதிவிடுங்கள் என்றார். குரலில் இன்னும் வருத்தம் இருந்தது. ரோட்டோரத் தரிசை டேப் பிடித்து அளந்து, எல்லைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது தங்கை என்றார். திங்கட்கிழமைக்கு டோக்கன் கிடைத்தது. இந்த முறை பத்திரத்தை இருவருக்கும் தனித்தனியாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தங்கை ஓர் எல்லையில் திசை மாறியிருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

பதிவின்போது டீச்சர் நேரிலேயே வந்திருந்தார். சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். பழக்க தோஷத்தில் அண்ணன், "ஆமாங்க," என்று வாயைத் திறந்தார். அப்புறம் தானாகவே ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். டீச்சர் கேள்வியைக் கையால் சொன்னார். அந்தப் பெண் ஒரு தாள் வாங்கி, 'ஆம். நானே படித்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரேகை வைத்தார், கேமராவைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்காது. மறுநாள் அண்ணன் விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த வருட லீவில் அவர் மறுபடி என் அறைக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. குழந்தைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைத் திருச்சிக்கு மாற்றிவிட்டாராம். ஊரில் இருக்கும் வீடு, வயலைப் பார்த்துக்கொள்ளவும், குத்தகைக்காரரிடம் ஒப்பந்தம் போடவும் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுத வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். தங்கைக்கு என்றார்.

"வேற யாருட்டயும் குடுத்தா படிக்காமக் கையெழுத்துப் போட்ருவாங்கக்கா. அது போடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குள் அந்தத் தரிசில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு மிஷினோடு தையல் கடை நடந்துகொண்டிருந்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கதை இப்படி நல்லபடியாக முடிந்தது. என் கணக்கு முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என் பழைய நகல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அதே மாதிரிப் படிவத்தை வைத்து அதற்கு முன்பு நான்கு பத்திரம் எழுதியிருக்கிறேன். நான்கும் வேறு சார்பதிவாளர்கள் இருந்த காலத்தில், கோர்ட் ஆர்டர் கேட்காமலே பதிவாகியிருக்கின்றன. ஒரு முகவரியைத் தேடி மணமேல்குடிப் பக்கம் ஒரு கிராமம் வரை போனேன். அந்தப் பெரியவர் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்றார்கள். நிலம் இப்போது அவருடைய தம்பி குடும்பத்திடம் இருக்கிறது. பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். நன்றாகத் தெரியுமே, தினமும் டீக்கடையில் பேப்பர் படிப்பாரே என்றார்கள். மற்ற மூன்று பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் அறைக்கு யார் வந்தாலும், கூட வந்தவர் எவ்வளவு பேசினாலும், பத்திரத்தில் யார் பெயர் வருகிறதோ அவரைப் பார்த்துத்தான் முதல் கேள்வி கேட்கிறேன். ஆனால் அந்த நான்கு பேரும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவருடைய முகம்கூட எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.