ஐந்து கிலோமீட்டர் ஆழத்துச் சேறு

இலத்தூர் முத்துவடிவு இருபத்திரண்டு வருடம் கடல் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தவள். கப்பல் ஏறியதில்லை. கப்பல் கொண்டுவந்த சேற்றைத்தான் பார்த்தாள். இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் அள்ளிய சேறு. அதன்மேல் உருளைக்கிழங்கு போலக் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். மாங்கனீசும் நிக்கலும் செம்பும் படிந்து, பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தவை. எல்லாருக்கும் அந்த உருண்டைமேல்தான் கண். முத்துவடிவின் வேலை சேற்றில்.

சேறு மேலே வந்ததும் கப்பலிலேயே ஃபார்மலினும் ஒரு சாயமும் ஊற்றிவிடுவார்கள். அதுவரை உயிரோடு இருந்ததற்கெல்லாம் ரோஜா நிறம் ஏறும். முன்பே செத்தது வெளுத்துக் கிடக்கும். தலைமுடிகூட நுழையாத கண்ணுள்ள சல்லடையில் சேற்றை அலசி, நுண்ணோக்கியில் பார்த்து, ஊசியால் ரோஜா நிறத்தை மட்டும் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் நூற்புழுக்கள். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். ஓய்வு பெற்றபோது, கழிவுக்குப் போக இருந்த ஒரு சேற்றுப் பாட்டிலைக் கேட்டு வாங்கிவந்தாள்.

பக்கத்துத் தெரு விஜயசங்கர் தென்காசியில் கல்லூரி விரிவுரையாளர். கல்லூரிக் கண்காட்சிக்கென்று அவர் கேட்டதும் பாட்டிலைக் கொடுத்தாள். கண்காட்சி அன்று காலை எட்டரைக்கே போய்ப் பார்த்தால் பாட்டிலில் பாதிதான் இருந்தது. முன்னால் ஓர் அட்டை: ‘ஆழ்கடல் தரை உயிரற்ற பாலைவனம். உலோகம் எடுப்பதால் எந்த உயிருக்கும் கேடில்லை. மாதிரி தந்தவர்: முத்துவடிவு.’

“இத யாரு எழுதுனா?”

“நாந்தாங்க்கா. பாதிய சலிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல.”

“எதுல சலிச்சிய?”

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். வீட்டில் மாவு சலிக்கிற சல்லடை.

“சலிச்ச தண்ணி?”

“சிங்க்ல ஊத்திட்டேன்.”

“அதுலதான தம்பி எல்லாம் போயிருக்கு. கொழுக்கட்டைக்கா சலிச்சிய?”

“கண்ணுக்குத் தெரியாத புழு இருந்தா என்ன, இல்லாட்டா என்னக்கா? பத்து மணிக்குப் பிள்ளைய வந்துரும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடி பார்க்காமல் செத்துப்போனதாக எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் சும்மா விடுவார்களா? உருண்டையை அள்ள அங்கே இயந்திரம் ஒருமுறை உழுதால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் ஆறாது. அதற்குக் கேடில்லை என்று அட்டை, அட்டையில் அவள் பெயர்.

“எம் பேரப் போட்டுப் பொய் சொல்லுதிய. மைக்ராஸ்கோப்ப எடுத்து வைங்க.”

“ஒண்ணும் கெடைக்கலைன்னா?”

“அட்ட அப்பிடியே இருக்கட்டும்.”

பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுவந்த தன் பழைய சல்லடையைப் பையிலிருந்து எடுத்தாள். மீதிச் சேறு முழுவதும் இதில் தீர்ந்துவிடும். தீரட்டும். முதல் தட்டில் வெறும் களிமண்ணும் கண்ணாடித் துணுக்கு போன்ற ஓடுகளும். இரண்டாவதிலும் அதுவே. விஜயசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தட்டில் ஒரு ரோஜா நிறத் துணுக்கில் ஊசி நின்றது.

“பாருங்க.”

அவர் குனிந்தவர் நிமிரவில்லை. “நூலு மாதிரி சுருண்டு கெடக்கு. கொடலுகூடத் தெரியுதே.”

“புழுவுக்குக் கொடலு இருக்காதா?”

பத்து மணிக்குள் ஒன்பது புழு சேர்ந்தது. அட்டையைக் கிழித்துப்போட்டு, புதிய அட்டையை அவர் கையாலேயே எழுதவைத்தாள்: ‘அரைப் பாட்டில் சேற்றில் கிடைத்தவை: ஒன்பது நூற்புழுக்கள். மீதி அரைப் பாட்டில் கழுவுதொட்டியில் கொட்டப்பட்டது.’

“கொட்டுனதையுமாக்கா?”

“ஆமா. யாரு கொட்டுனான்னும் எழுதுங்க. எம் பேரு பக்கத்துல ஒங்க பேரும் இருக்கட்டும்.”